சேக்கிழாரின் இரண்டு தீ: மனசை விட்டுப் போகாத இடங்கள் (அனுபவப் பகிர்வு)

கொள்ளிடக்கரை:
சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய நந்தனார் கதை, புலைப்பாடியில் பிறந்ததால் தில்லைக் கோயிலுக்குள் போக முடியாத சிவனடியார் கதை, எல்லாருக்கும் தெரியும், அதனால் நேராக அந்த இரவுக்கு வருகிறேன். தில்லை (சிதம்பரம்) எல்லையை இரவும் பகலும் வலம் வந்து, உள்ளே போக வழியில்லாமல், "இன்னல்தரும் இழிபிறவி இதுதடை" என்று நினைத்தபடியே தூங்கிவிடுகிறார். கனவில் கூத்தனான சிவன் வருகிறான். எப்படி வருகிறான்? "முறுவலொடும்". சிரித்த முகத்தோடு வந்து சொல்வது என்ன? "இப்பிறவி போய்நீங்க எரியினிடை நீமூழ்கி" வா என்கிறான்.

அந்த முறுவல்தான் என்னை விடவில்லை. திருப்புன்கூரில் இதே மனிதருக்காகப் "போரேற்றை விலங்க" அருளியவன் அவன். அங்கே வெளியே நின்றவர் சிவனைப் பார்க்க நந்தி விலகியது. தில்லையில் மதில் விலகவில்லை, மனிதர் எரிய வேண்டியிருக்கிறது.

பழைய ஏடு:
அதைவிட நெஞ்சை அறுக்கும் இடம் நந்தனாரின் ஆண்டையான வேதியர் வரும் காட்சி. நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் பயிராக்கி அறுத்துவிட்டுப் போ என்று ஆண்டை சொல்ல, விடிவதற்குள் கதிர் முற்றி நிற்கிறது. கூலியாளின் பக்திக்குக்கூட ஆண்டையின் அனுமதி வேண்டியிருந்தது என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

தென்வாசல்:
ஏடு ஐயா, அந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லவே இல்லை. அவரும் நாற்பது வேலியும் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தவை. இரண்டையும் கலந்து பேசினால் சேக்கிழார் எழுதிய கொடுமையும் மங்கிப்போகும், பாரதியார் காட்டிய கொடுமையும் மங்கிப்போகும்.

சேக்கிழாரின் நந்தனார் யாருக்கும் பண்ணையாள் இல்லை. "ஊரில்விடும் பறைத்துடவை உணவுரிமை" என்று தெளிவாக எழுதியிருக்கிறார். துடவை என்றால் விளைநிலம். பறைத்தொழிலுக்கு ஊர் விட்ட மானியம் அது. அதில் உண்டு, கோயில்தோறும் அவர் கொடுத்த பொருள்களைப் பாருங்கள்: பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோல், இழுத்துக் கட்ட விசிவார், வீணைக்கும் யாழுக்கும் தந்திரி, அர்ச்சனைக்குக் கோரோசனை.

இது ஒருமுறை கொடுத்து முடிகிற தானம் இல்லை. ஈரக்காற்றில் தோல் தளரும், வாரை இறுக்க வேண்டும். இறுக்க இறுக்க விளிம்பு கிழியும், புதுத்தோல் போர்த்த வேண்டும். கோயிலில் முழவு ஒலிக்கும் வரை இவர் கை ஓயாது.

கோரோசனைதான் என்னைத் தூங்கவிடாத சொல். அது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். எல்லா மாட்டிலும் இருக்காது. செத்த மாட்டை அறுத்துப் பித்தப்பையைத் திறந்து பார்க்கிறவருக்குத்தான் கிடைக்கும். யார் தொட்டால் தீட்டு என்றார்களோ அவர் கையால் எடுத்த பொருள் கருவறை வரை போகிறது. எடுத்தவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார்.

யாழ்நரம்பு:
தீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் சேக்கிழாரின் இன்னொரு தீயை மறந்துவிடுகிறார்கள். திருநீலநக்கர் புராணம். சாத்தமங்கையில் நீலநக்கர் வீட்டுக்குச் சம்பந்தர் வருகிறார். கூடவே பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும். இரவாகிறது. பாணருக்குத் தங்க இடம் கொடுங்கள் என்கிறார் சம்பந்தர். அந்தணரான நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை, கொல்லையைக் காட்டவில்லை. "நடுமனை வேதியின் பாங்கர்" இடம் கொடுக்கிறார். வேதி என்பது அணையாமல் தீ வளர்க்கும் இடம், வீட்டிலேயே ஆசாரம் மிகுந்த இடம்.

அந்தத் தீ அவிந்ததா? இல்லை. முன்பு இருந்ததைவிட ஓங்கி, வலமாகச் சுழித்து ஒளிர்ந்தது என்கிறார். அதன் பக்கத்தில் பாணரும் அவர் துணைவியாரும் படுத்து உறங்குகிறார்கள்.

ஒரே புலவர், ஒரே நூல். ஒரு தீ பக்கத்தில் படுத்தவரைப் பார்த்து மகிழ்கிறது. இன்னொரு தீ உள்ளே இறங்கினால்தான் ஏற்கிறது. அந்தப் பாணர் அன்று இரவு பாணராகவே தூங்கி, காலையில் பாணராகவே எழுந்தார். நந்தனார் தீயிலிருந்து வெண்ணூலும் சடைமுடியுமாக முனிவராக எழ வேண்டியிருந்தது.

கொள்ளிடக்கரை:
நரம்பு, அந்த வலஞ்சுழித்த தீயை இங்கே வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சேக்கிழார் "மூழ்கி" என்கிறார். மூழ்குவது நீராடுகிறவர் செயல். தண்டனையாக அவர் எழுதவில்லை.

தென்வாசல்:
நீராட்டு என்றே வைத்துக்கொள்வோம். அழுக்கு யாரிடம் இருந்தது? குளிக்கச் சொன்னது யாரை? முந்தைய நூல்களையும் பாருங்கள். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் "செம்மையே திருநாளைப்போவார்க்கும் அடியேன்" என்பதோடு நிறுத்திவிட்டார். திருநாளைப்போவார் என்பது நந்தனாரின் பெயர். குலப்பேச்சே இல்லை. நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் "புன்புலைபோய்" வருகிறது, தில்லை மூவாயிரவர், அதாவது தில்லை அந்தணர்கள், கைகூப்புவதும் வருகிறது. தீ வரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடும்போதுதான் எரி மூள்கிறது. ஒருவரி ஒரு பாட்டாகி, ஒரு பாட்டு 37 பாட்டாகும்போது எது கூடியது என்று பாருங்கள்.

உடுக்கை:
பூணூல் பேச்சு வந்ததால் முத்துப்பட்டன் கதை நினைவுக்கு வருகிறது. நெல்லைப் பக்கம் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். பிராமணனாகப் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டு அவர்கள் தகப்பன், செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடையிடம் பெண் கேட்கிறான். பகடை உடனே சம்மதிக்கவில்லை. குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக்கொண்டு வா என்கிறான். பட்டன் தோலைக் கையில் எடுத்து ஊசி குத்துகிற இடம்தான் எனக்கு. தில்லையில் நூல் ஏறுகிறது, பொதிகை அடிவாரத்தில் நூல் இறங்குகிறது. கிடை மாடுகளைக் காக்கப் போய்ப் பட்டன் வெட்டுப்பட்டுச் சாகிறான், பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள். அங்கேயும் தீதான்.

சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்கு (தெய்வமான முத்துப்பட்டனுக்கு) இன்றும் தோல் செருப்புத்தான் காணிக்கை.

ஆனால் அச்சில் வந்த கதைகளில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று சேர்த்துவிட்டார்கள். நா. வானமாமலை இதை எடுத்துப் பேசியிருக்கிறார். மதுரை வீரனுக்கும் இதே கதி: காசி ராஜா மகன், கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன், சக்கிலியர் வளர்த்தார்கள் என்று முன்கதை. கும்பிடுகிற வீரனைத் தாழ்ந்தவனாக விட்டுவைக்க மனம் வரவில்லை. நந்தனாரைத் தீயில் மாற்றினார்கள், இவர்களை முன்கதையில் மாற்றினார்கள்.

பழைய ஏடு:
தென்வாசல் திருத்தியது சரி, ஏற்கிறேன். பாரதியார் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டும் முன்னுரைப் பாட்டு) கொடுக்கப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கியதற்கு, மூலத்தை விட்டு விலகியதும் ஒரு காரணம்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கு இதை நடத்துகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நேரே தில்லைக்குப் போகாதீர்கள். முதல் பத்துப் பாட்டில்தான் ஊரும் சேரியும் இருக்கின்றன, அவசரத்தில் எல்லாரும் தாண்டுவது அதைத்தான். தோல்வார் கிடக்கும் முற்றம், சுற்றித் திரியும் கோழிக்குஞ்சு, இரும்புக் காப்புப் போட்ட பிள்ளைகள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, அவர்கள் அரைமணிச் சத்தத்தில் குட்டியின் குரைப்பு அமுங்குவது. மருத நிழலில் தோல்மேல் குழந்தை உறங்குகிறது, மாமரத்தில் பறை தொங்குகிறது. இவ்வளவு கனிவோடு சேரியைப் பாடியவர்தான் எரியையும் பாடினார். இந்த முரண் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் பாடம் பாதிதான்.

முதலில் சீர்பிரிக்காமல் ஒருமுறை ஓசையோடு படியுங்கள், பிறகு பிரியுங்கள். தடுக்கும் சொற்கள் மூன்று. "விசிவார்" வினைமுற்று இல்லை, விசித்துக் கட்டும் தோல்வார். "விலங்க" என்றால் விலக, மிருகம் இல்லை. "வேணி" சடைமுடி. ஒரு வகுப்புக்கு ஐந்தாறு பாட்டுக்கு மேல் வேண்டாம். கீர்த்தனையைக் கடைசியில் பாடிக் காட்டுங்கள். முதலில் பாடினால் "வருகலாமோ ஐயா" மனசில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சேக்கிழாரிலும் வேதியரைத் தேடுவார்கள். நானே இங்கே அதைத்தான் செய்தேன்.

யாழ்நரம்பு:
நான் சொன்னதிலும் ஒன்று விட்டுப்போனது. சாத்தமங்கையில் வேதிக்குப் பக்கத்தில் உறங்கிய அதே பாணருக்கு ஆரூர்க் கோயிலில் "வாயில் வேறு வடதிசையில்" வகுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். வீட்டுக்குள் கிடைத்த இடம் கோயிலில் கிடைக்கவில்லை.

கொள்ளிடக்கரை:
மறுபடி அந்த இரவின் விடியலுக்குப் போய்ப் படித்தேன். கனவில் ஆணை பெற்ற தில்லைவாழ் அந்தணர்கள் நந்தனாரிடம் வந்து, உமக்கு அழல் அமைத்துத் தர வந்தோம் என்கிறார்கள். அந்தப் பாட்டின் முதல் சொல் "ஐயரே". எரி இன்னும் மூட்டப்படவில்லை, அவர் ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து வந்த அதே உடம்போடு மதிலுக்கு வெளியே நிற்கிறார். அப்போதே அவர்கள் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. வந்த பிறகும் தென்வாயில் மதிற்புறத்தில் தீயை மூட்டினார்கள்.