ஸ்கேன் அறையில் உங்களுக்கு மறக்காத அந்த ஒரு நொடி எது?

தென்றல்_அலை:
அம்மாவுக்கு லிம்போமா, நிணநீர்ப் புற்று. கீமோ பாதியில் பெட் சிடி. சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தை ஏற்றி, எந்த இடம் அதை அதிகம் இழுக்கிறது என்று பார்ப்பார்கள்; இழுக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். கீமோ வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இது. கழுத்துக் கட்டி பெரிதாகச் சுருங்கவில்லை என்று ரிப்போர்ட். டாக்டரோ அளவைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய படத்தையும் புதியதையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்பு கழுத்தில் கரேலென்று இருந்த திட்டுகள் இப்போது இல்லை. "மிச்சம் இருப்பது பெரும்பாலும் தழும்புதான், சர்க்கரையை இழுக்கவில்லை. டோவில் 2" என்றார். ஐந்து வரை போகும் மதிப்பெண் அது, குறைந்தால் நல்லது. நான் மூச்சு விடுவதற்குள் அம்மா விரலை நீட்டி, "அப்போ தலை முழுக்கக் கறுப்பா இருக்கே, அங்கே பரவிடுச்சா?" என்றார். மூளை எப்போதும் சர்க்கரையைத் தின்னும், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இன்னும் முழுசாக நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

ராப்பாடி:
எனக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். புதுப் புள்ளி வந்திருக்கிறதா என்று வருடா வருடம் மூளைக்கு எம்ஆர்ஐ. போன முறை நடுவில் சத்தம் சட்டென்று நின்றது. "இதை மறுபடி எடுக்கணும், அசையாதீங்க" என்று ஒரு குரல். அவ்வளவுதான். ஏன் மறுபடி? எதையோ பார்த்துவிட்டார்களோ? முகத்துக்கு மேல் கூண்டு, கையில், ஆளைக் கூப்பிட அமுக்குகிற ரப்பர் பந்து. அமுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே கிடந்தேன். வெளியே வந்து கேட்டால், தொண்டையைச் செருமியதில் தலை அசைந்து படம் கலங்கிவிட்டதாம். இத்தனை கதிர்வீச்சு வாங்குகிறவனிடம் இதையாவது உடனே சொல்லியிருக்கலாம்.

கறார்_கந்தன்:
ராப்பாடி, எம்ஆர்ஐயில் ஏது கதிர்வீச்சு? காந்தமும் ரேடியோ அலையும்தான். அந்த டக் டக் சத்தம்கூட, சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்து அவை அதிர்வதால் வருவது. பயப்படுவதானால் சிடிக்குப் பயப்படுங்கள். கதிர்வீச்சை அளக்கும் மில்லிசீவர்ட் கணக்கில் மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1, மார்பு சிடி சுமார் 6. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓராண்டில் சராசரியாக 2.4 எப்படியும் நம் மேல் விழுகிறது.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கட்டிக்காக சிடி. படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் அயோடின் மருந்து ஏறியதும் "படுக்கையை நனைச்சுட்டேன் போல" என்று பதறினார். அந்தச் சூடு பலருக்கும் வருவதுதான்.

சரி, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த மருந்துக்கு முன் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்தார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் நம்பாமல் டைகாம் படங்கள் (ஸ்கேனின் அசல் கணினிப் படங்கள்) உள்ள டிஸ்கை வாங்கி வையுங்கள். ஒப்பிடப் படம்தான் வேண்டும். தொடர் ஸ்கேன் என்றால் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே விதமாக எடுங்கள். பெட் சிடியில் தெரியும் கறுப்பெல்லாம் புற்று அல்ல. காசநோயும் அப்படித் தெரியும். பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐ பக்கமே போகாதீர்கள்.

மாடிப்படி:
பேஸ்மேக்கர் விஷயம் பழைய கதை. எம்ஆர்ஐக்கு ஏற்றவை பல வருடங்களாக இருக்கின்றன. செட்டிங்கை மாற்றிவைத்து எடுப்பார்கள். அப்புறம், இவ்வளவு எழுதினீர்கள், அப்பாவுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே?

எனக்கு மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேவுக்குப் பிறகு திரும்பக் கூப்பிட்டு அல்ட்ராசவுண்ட். அந்தப் பெண் கலகலவென்று பேசிக்கொண்டே ஜெல் தடவி உருட்டினார். ஓரிடத்தில் கருவியும் நின்றது, பேச்சும் நின்றது. திரை அவர் பக்கம். அளவெடுக்கும் கிளிக், கிளிக் மட்டும். பிறகு டாக்டர் வந்து திரையைத் திருப்பினார். முழுக் கறுப்பாக ஒரு வட்டம், அதன் அடியில் வெளிச்சம். "நீர்க்கட்டி. தண்ணீர் இப்படித்தான் தெரியும்." அவருக்கு ஒரு நிமிட வேலை. அளவெடுக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், வானிலையாவது பேசுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்ல வேண்டும்.

கறார்_கந்தன்:
கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள், நன்றாக இருக்கிறார். பேஸ்மேக்கரும் அவருக்குத்தான். பழைய மாடல், எம்ஆர்ஐ வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னதைத்தான் எழுதினேன்.