அப்பாவைப் 'பாடி' என்று சொன்ன அன்று

அப்பா போனது விடியற்காலை நாலு மணிக்கு. நாலரைக்கு வார்டு பையன் வந்து, "பாடிய எப்ப எடுக்கிறீங்க சார்?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு அன்றைக்கு அது எத்தனையாவதோ. ஆனால் ஆறு மணிக்குப் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "பாடி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துரும்" என்று சொன்னது நான். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பேரை நீக்கிப் பிணமென்று பேரிடுவார்கள் என்று திருமூலர் பாடியதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேரை நீக்கும் ஆளாக என்னை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து, வேறு வேலையாக மதுரை போயிருந்தேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு இருக்கிறது. 1896-இல் வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், பின்னாளில் ரமண மகரிஷி, சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்த இடம். உடம்புக்கு ஒன்றுமில்லாதபோதே சாகப்போகிறோம் என்று ஒருநாள் திடீரென்று பயம் வந்திருக்கிறது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி கைகால் விறைக்கப் படுத்து, மூச்சை அடக்கி, இந்த உடம்பைக் கொண்டுபோய் எரித்துவிட்டால் நானும் போய்விடுவேனா என்று பார்த்திருக்கிறான். ஆறு வாரத்தில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு நாலு வருஷம் முன்னால் அவனுக்கும் அப்பா இறந்திருந்தார் என்பது மட்டும் அந்த மாடி அறையில் நின்றபோது எனக்குப் புதிதாகப் பட்டது.

அன்று ராத்திரி லாட்ஜில் நானும் தரையில் படுத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். அரை நிமிஷம்கூட மூச்சுப் பிடிக்க முடியவில்லை, முதுகு சில்லிட்டதுதான் மிச்சம். கண்ணை மூடினால் துண்டு நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் அப்பாவின் கை. 'நான் யார்' என்று கேட்கத்தான் படுத்தேன். 'அவர் எங்கே' என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

*

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம். மின் மயானத்தில் எரித்தோம். சாம்பலைக் கொடுத்தவர் கூடவே ஓர் உலோகத் துண்டையும் நீட்டி, "இது வேணுங்களாண்ணா?" என்றார். முழங்கால் ஆபரேஷனில் வைத்தது. அந்தக் காலோடுதான் அம்மா மூணு வருஷம் வாசலில் கோலம் போட்டார். சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டோம். இதை எப்படிக் கரைப்பது? நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பீரோவில் இருக்கிறது. அது அம்மாவா இல்லையா என்று எனக்கும் தம்பிக்கும் இன்னும் தகராறு. அவன் கடைசியில், "அப்படின்னா தூக்கிப் போடு பாக்கலாம்" என்பான். சரி என்று எடுப்பேன், திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

*

நான் ஐசியூவில் பதினோரு வருஷமாக நர்ஸ். 'பாடி' என்று நாங்களும்தான் சொல்கிறோம், அப்படிச் சொல்லாமல் அந்த வேலை ஓடாது. ஆனால் கடைசியாகத் துடைத்துவிடும்போது, "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று வாயில் வந்துவிடும். கூட நிற்கும் சிஸ்டர்கள் யாரும் இதுவரை சிரித்ததில்லை.