பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இணையவழிக் குழு: எப்படித் தொடங்கலாம்?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): 14–16 வயதில் 12 பிள்ளைகள், மனம்விட்டுக் கதைக்க ஒரு குழு. வாட்ஸ்அப் குழு போதுமா?

மறுமொழி (கல்முனை): அதில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தலையிடி. சூம் நல்லம். இலவசக் கணக்கு 40 நிமிசத்தில் நின்றுவிடும், 35இல் முடியுங்கோ. ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெரியவர் இருவர் இருங்கோ.

மறுமொழி (அக்கரைப்பற்று): கமராவை வற்புறுத்த வேண்டாம். வீட்டாக்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை வாய் திறக்காது. சாட்டில் எழுத விடுங்க. "மனசு எப்படி?" என்றால் "நல்லம்" என்றுதான் வரும். 1000 ரூபாயில் சந்தைக்குப் போய் ரெண்டு கறிக்குச் சாமான் வாங்கக் கணக்குப் போடச் சொல்லுங்க, கதை தானா வரும்.

மறுமொழி (வாழைச்சேனை): "எல்லாம் இரகசியம்" என்று வாக்குக் கொடுக்காதீங்கோ. உயிராபத்து என்றால் சொல்லியே ஆகணும். முதல் நாளே விளங்கப்படுத்துங்கோ. இலங்கையில் அழைக்க: சிறுவர் உதவிக்கு 1929, மனநலத்துக்கு 1926.