மகளுக்கு வில்சன் நோய்: மகனையும் ஏன் பரிசோதித்தோம்

எங்கள் மகளுக்குப் பத்து வயதில் வந்த மஞ்சள் காமாலை தானாகவே குறைந்து, சில மாதங்களில் கால் வீக்கத்துடனும் வயிற்றில் நீர்க்கோப்புடனும் திரும்பி வந்தபோது, வைரஸ் தொற்றுக்கான பரிசோதனைகளில் எதுவும் தென்படவில்லை. குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவர், இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தையும் 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரில் செம்பின் அளவையும் பார்க்கச் சொன்னார். முன்னது மிகக் குறைவாகவும் பின்னது மிக அதிகமாகவும் இருந்தன. கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்து உண்டாகும் பழுப்பு வளையம் அவளுக்கு இல்லை. கல்லீரல் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலருக்கு அது தோன்றுவதில்லை என்பதால், வளையம் இல்லாததை வைத்து இந்நோய் இல்லையென்று முடிவு செய்யக் கூடாது என்று அவர் விளக்கினார்.

வில்சன் நோயில், உணவில் மிகுதியாக வரும் செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்ற உதவும் மரபணு பழுதுபடுவதால், செம்பு முதலில் கல்லீரலிலும் பின்னர் மூளையிலும் தேங்குகிறது. பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் உண்டாகும். என் கணவர் எனக்கு அத்தை மகன் என்பதால் உறவினர் பேச்சுக்குக் குறைவில்லை. சொந்தத்தில் மணம் முடித்தால் வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஆனால் உறவே இல்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது.

பெற்றோர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது உடன்பிறந்தவர்களைப் பற்றியது. நோயுள்ள குழந்தையின் தம்பி, தங்கை, அண்ணன், அக்காள் ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஓடியாடும் பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று என் மாமியார் கலங்கினார்கள். ஆயினும், மகளிடம் கண்டறிந்த மரபணு மாற்றத்தை மகனிடம் தேடியபோது அவனுக்கும் அது இரண்டு பக்கமும் இருந்தது. கல்லீரல் கெடும் முன்பே, குடல் செம்பை உறிஞ்சாமல் தடுக்கும் துத்தநாக மாத்திரையை அவனுக்குத் தொடங்க முடிந்தது. மகள் எடுப்பது பெனிசிலமைன். ஜான் வால்ஷ் 1956இல் அறிமுகப்படுத்திய இம்மருந்து, தேங்கிய செம்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இதை வெறும் வயிற்றில் தர வேண்டியிருப்பதால், பள்ளி நாட்களில் காலை உணவின் நேரத்தையே மாற்றினோம்.

ஈரல், நண்டு, முந்திரி, சாக்லேட் ஆகியவற்றைத் தவிர்க்கிறோம். செம்புக் குடத்து நீரையும் நிறுத்திவிட்டோம். உணவுக் கட்டுப்பாடு மட்டும் மருந்துக்கு ஈடாகாது. உடல் தேறியதும் மருந்தை நிறுத்தினால் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கக்கூடும் என்பதால், இருவரும் வாழ்நாள் முழுவதும் அதைத் தொடர வேண்டும்.