வேம்படி வீட்டு சொந்தங்கள் 🐏

செல்வி மதினி: பாண்டி, ஆட்டுக்கு ஏதோ சீக்காமே. ஞாயித்துக்கிழமை காதுகுத்து இருக்கு ஞாபகம் இருக்கா

கண்ணன்: நாக்கு நீலமாகுதாம். கறி தின்னா நமக்கும் ஆகுமாம் 😱 டீக்கடைல ஒரே பேச்சு

பாண்டி: ஏழு எட்டு உருப்படிதான் மதினி. சரியாயிரும்

முருகேசன் மஸ்கட்: ஆந்திராவுல புடிச்ச ஆடா?

பாண்டி: ஆமாண்ணே

முருகேசன் மஸ்கட்: அப்பவே சொன்னேன். எட்டயபுரம் சந்தைல வாங்காம லாரி ஏத்தி நெல்லூர் ஆடு வேணுமாம் இவனுக்கு

ராசாத்தி அத்தை: காதுகுத்துக்கு தாய்மாமன் சீர் எத்தனை தட்டு

சித்தப்பா (ஆட்டாசுபத்திரி): எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. இது நீலநாக்கு நோய். ஆட்டுக்கு ஆடு தொட்டு பரவாது, கண்ணுக்கே சரியா தெரியாத பொடிக் கொசு ஒண்ணு கடிச்சு பரப்புறது, அதான் ஐப்பசி கார்த்திகை மழைல தலை தூக்கும், மனுஷனுக்கு வராது கண்ணா டீக்கடைல போய் சொல்லு. தென்னாப்பிரிக்காவுல 1700கள் கடைசில ரோமத்துக்காக மெரினோ ஆட்டை ஐரோப்பாவுல இருந்து கொண்டு வந்து இறக்குனான், அங்கயே பொறந்த ஆடு அசையல, வந்து இறங்குனதுதான் வாய் வீங்கி செத்துச்சு, அப்பதான் இப்படி ஒரு சீக்கு இருக்குன்னே தெரிஞ்சுது. நம்ம நாட்டுல 1964ல மகாராஷ்டிராவுல பாத்தாங்க. ஆனா இங்க கதை வேற, நம்ம நாட்டு ஆடே தாங்காது, 1997-98ல நான் சர்வீஸ்ல இருந்தப்ப பட்டி பட்டியா அலைஞ்சிருக்கேன்

கண்ணன்: சித்தப்பா மெசேஜ்ல ரீட் மோர் வந்துருச்சு

செல்வி மதினி: 😂

முருகேசன் மஸ்கட்: அப்ப வெளியூர் ஆடுதான கொண்டு வந்துருக்கு

சித்தப்பா (ஆட்டாசுபத்திரி): அப்படி ஒரேடியா சொல்ல முடியாதுப்பா. இங்கயே இருந்திருக்கலாம், மாட்டுக்கு வந்தா பெரும்பாலும் வெளிய தெரியாது, அதைக் கடிச்ச கொசு வந்து புது ஆட்டைக் கடிச்சிருக்கலாம். இதுல 24க்கு மேல ரகம் இருக்கு, ஒண்ணுக்கு தாங்குன ஆடு இன்னொண்ணுக்கு தாங்காது. அஞ்சு ரகத்துக்கு சேத்து ஊசி இருக்கு, மழைக்கு முந்தி போட்டியா பாண்டி?

பாண்டி: போடணும்னுதான் இருந்தேன்

முருகேசன் மஸ்கட்: மோட்டார் வாங்க அனுப்புன காசுலதான இந்த ஆட்டை வாங்குன

பாண்டி: அதை எத்தனை தடவைண்ணே சொல்லுவ. கிணத்துல தண்ணியே இல்லாதப்ப மோட்டார் எதுக்கு. நீ வந்து பட்டில ஒரு ராத்திரி படு. ஒரு பெட்டை முன்னங்காலை மடக்கி முட்டி போட்டு மேயுது, குளம்புக்கு மேல வரி வரியா செவந்து கிடக்கு. குட்டி முட்டி முட்டி பாக்குது மடில பால் இல்ல. காலைல இருந்து கம்பங்கூழ் கரைச்சு புகட்டிக்கிட்டு இருக்கேன்

செல்வி மதினி: ஏங்க நீங்க சும்மா இருங்க

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ராசாத்தி அத்தை: யாரு என்னத்த அழிச்சது

சித்தப்பா (ஆட்டாசுபத்திரி): கூழ் நல்லது. வாயை உப்புத்தண்ணில கழுவி போரிக் பவுடரை கிளிசரின்ல குழைச்சு தடவு. பட்டிய தண்ணி தேங்காத மேட்டுக்கு மாத்து, பொழுது சாய வேப்பந்தழை மூட்டம் போடு. ஆடுமாடு ஆம்புலன்சு நம்பர் 1962க்கு போன் போட்டியா? ஆட்டுக்கொல்லின்னு இன்னொரு சீக்கும் பாக்க இப்படித்தான் இருக்கும், அது தொட்டா பரவும், டாக்டர் பாத்துதான் சொல்லணும்

பாண்டி: நாளைக்கு வரேன்னாங்க

கண்ணன்: சமையல்காரர் கேக்குறாரு. கறியா சாம்பாரா

ராசாத்தி அத்தை: குலசாமிக்கு கிடா வெட்டாம சாம்பாரா. எங்கய்யா இருந்தா இப்படி பேசுவீகளா

செல்வி மதினி: நேந்துவிட்ட கிடாவும் அந்தப் பட்டிலதான் நிக்குது அத்தை

ராசாத்தி அத்தை: அய்யோ

முருகேசன் மஸ்கட்: வேற கிடா வாங்குங்க. காசு நான் அனுப்புறேன்

ராசாத்தி அத்தை: நேந்தது நேந்ததுதான். மாத்துனா சாமி ஏத்துக்காது

சித்தப்பா (ஆட்டாசுபத்திரி): மனுஷனுக்கு ஒட்டாதுன்னாலும் காய்ச்சல்ல நிக்கிற ஆட்டை வெட்டக் கூடாது. கிடா எரை எடுக்குதா?

கண்ணன்: பூசாரிகிட்ட கேட்டா தை மாசத்துக்கு தள்ளலாம்ல

செல்வி மதினி: பத்திரிகை 200 கொடுத்தாச்சு. இவருக்கு லீவும் அதுக்குள்ள முடிஞ்சிரும்

ராசாத்தி அத்தை: சீர் தட்டு இன்னும் யாரும் சொல்லல

சித்தப்பா (ஆட்டாசுபத்திரி): பாண்டி, கிடா?

பாண்டி: 📷 படம்

சித்தப்பா (ஆட்டாசுபத்திரி): உதடு கொஞ்சம் தடிச்ச மாதிரி தெரியுது. நிழலா இருக்கும். வாயைத் திறந்து நாக்கு தெரிய எடு

பாண்டி: இருட்டிருச்சு சித்தப்பா. கரண்டும் இல்ல

செல்வி மதினி: கண்ணா சமையல்காரர்ட்ட ரெண்டுக்கும் லிஸ்ட் வாங்கி வை