நம்ம ராம்நாடு கடக்கரை ஊருங்க நல்லா இருக்கணும்னா முதல்ல எதை சரி பண்ணணும்?

கீழக்கரைவாசி: பத்து வருசம் சென்னைல இருந்துட்டு குடும்பத்தோட ஊருக்கே வந்துட்டேன், கடக்காத்து, சொந்தபந்தம் எல்லாம் இருக்கு ஆனா குடிக்கிற தண்ணி விலைக்கு, தெருவுல சாக்கடை, புள்ளைங்க விளையாட இடமே இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

பாம்பன் தம்பி: அண்ணே, கடலோரத்துல பாதுகாப்புன்னா மொதல்ல புயல்தான். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி ஒரே ராத்திரில அழிஞ்சிச்சு, ஓடிட்டிருந்த ரயிலையே அலை அடிச்சிட்டு போயிருச்சு. மன்னார் வளைகுடா தீவுகளைச் சுத்தி இருக்கிற பவளப்பாறைதான் அலையோட வேகத்தை உடைக்குது. சுண்ணாம்புக்குன்னு அதை வெட்டி எடுத்ததுல தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லி, நம்ம கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவு முங்கியே போச்சு. காரங்காடு மாதிரி அலையாத்திக் காடு இருக்கிற இடத்தையும் விட்டுறக் கூடாது.

ஊரணிக்கரை அக்கா: எனக்கு தண்ணிதான் தம்பி. எங்க அப்பத்தா காலத்துல குடிக்கிற ஊரணி தனி, குளிக்கிறது தனி, குடிக்கிற ஊரணில காலைக் கூட நனைக்க விடமாட்டாங்க. இப்ப ஊரணிக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்ல பாதி வீடு, மீதி சீமைக்கருவேலம், மழை பேஞ்சாலும் தண்ணி எப்படி வந்து சேரும்? எல்லாரும் ஆழமா போர் போட்டு உறிஞ்சினா கடத்தண்ணி உள்ள ஏறிடும், அப்புறம் கிணறு பூரா உப்பு. மாடியில விழுகிற மழைத்தண்ணியை தொட்டிக்கு விடுங்க, ஊரணியைத் தூர்வாருங்க.

தொண்டிக்காரி: லைட்டை மறந்துட்டீங்களே. ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸை விட்டு எறங்கி பயமில்லாம வீட்டுக்கு நடக்கணும், ஸ்டாண்டுல சுத்தமான டாய்லெட் வேணும்.

கீழக்கரைவாசி: நன்றிக்கா. எங்க தெருவுல நாலு வீட்டுல பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை வரத்துக்காலைப் பாக்கப் போறோம்.