முன்வாசல் வழியாகப் பறந்த பை

(குழு அரட்டை: சிங்கப்பூர் அங் மோ கியோ குடும்பம்)

ராதா: அகிலனின் ஆங்கிலக் கட்டுரை திரும்பி வந்தது. 'டிஃபெனஸ்ட்ரேட்' என்ற சொல்லுக்குக் கீழே ஆசிரியை சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். எனக்கே அந்தச் சொல் தெரியாது.

குமார்: முழு வாக்கியத்தையும் போடுங்கள் அண்ணி.

ராதா: தமிழில் சொன்னால், "கோபத்தில் தம்பி என் பள்ளிப் பையை முன்வாசல் வழியாக டிஃபெனஸ்ட்ரேட் செய்தான்."

குமார்: ஹாஹா. அது ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது! லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல். வாசல் வழியாகப் போட்டால் வெறும் எறிதல்தான்.

மாலா: யார் சொல்லிக்கொடுத்தது இதை?

ராதா: (அகிலன் டைப் செய்கிறேன்) டியூஷனில் தந்த சொல் பட்டியல் அத்தை. 'தூக்கி எறிதல்' என்று மட்டும்தான் போட்டிருந்தது.

மாலா: பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கட்டுரைக்குக் குறைந்தது 150 சொல் எழுதினால் சரி. அதற்குள் இது வேறா?

குமார்: எழுதட்டும் அக்கா, நல்ல சொல். 1618 மே 23, ஐரோப்பாவில் பிராக் கோட்டை. புரொட்டஸ்டண்ட் பிரபுக்கள் இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் அவர்களுடைய செயலாளரையும் ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டார்கள். சுமார் 21 மீட்டர், நம் பிளாக்கில் ஏழாவது மாடி என்று வையுங்கள். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிக்கொண்டார் என்றது ஒரு கட்சி, சாணக் குவியலில் விழுந்தார்கள் என்றது இன்னொரு கட்சி. முப்பதாண்டுப் போர் அதிலிருந்துதான் மூண்டது.

மாலா: இங்கே செய்தால் கில்லர் லிட்டர் கேஸ், அதாவது மாடியிலிருந்து ஆபத்தாகப் பொருளை எறிந்த குற்றம். எச்டிபி (அரசு வீடமைப்புக் கழகம்) வீட்டையே எடுத்துக்கொள்ளலாம் 😄

ராதா: (அகிலன்) அப்போ "ஜன்னல் வழியாக டிஃபெனஸ்ட்ரேட் செய்தான்" என்று மாற்றவா சித்தப்பா?

குமார்: வேண்டாம்டா, 'நடு சென்டர்' மாதிரி ஆகிவிடும். ஜன்னல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "தம்பி என் பையை டிஃபெனஸ்ட்ரேட் செய்தான்", அவ்வளவுதான்.

தாத்தா: ஜன்னலே தமிழ் இல்லை. போர்த்துகீசிய 'ஜனேலா'. நமக்குச் சாளரம் உண்டு, காலதர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இதை எந்த டியூஷனில் சொல்கிறார்கள்?

குமார்: அப்பா, அந்த ஜனேலாவும் லத்தீனில் கதவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். சின்னக் கதவு என்று பொருள்.

ராதா: (அகிலன்) அப்போ ஜன்னலும் கதவுதானே! நான் எழுதியது சரி!!

தாத்தா: பேரன் வக்கீலாகத்தான் போவான்.

மாலா: ஆசிரியையிடம் போய்ச் சொல் பார்ப்போம்.

ராதா: போனை வாங்கிவிட்டேன். கட்டுரை இருக்கட்டும். அவன் பையைப் பார்த்தேன், ஒரு பக்க வார் அறுந்திருக்கிறது, காரிடார் பூந்தொட்டி மண் அடியில் ஒட்டியிருக்கிறது. நிஜமாகவே எறிந்தீர்களா என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.